ஒரு காலி நாற்காலியின் அரை ஆயுள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் காலை பத்தரை மணிக்கென்று மூன்று சத்தங்கள் உண்டு. பல்லாரி வெங்காயம் விற்கும் மினி லாரியின் ஒலிபெருக்கி, எதிர்வீட்டு மிக்ஸி, என் லேப்டாப்பிலிருந்து வரும் மேலாளரின் குரல். பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் "நாலு கிலோ நூறு" என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் மீட்டிங் முடிகிற நேரத்தில் அதே ராகத்தில் சொல்லிக் காட்டினார். வெளியே போய் வேலை பார்க்க ஓர் இடம் தேட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

என்னைப் போல் இங்கே நிறையப் பேர். 2020-க்குப் பிறகு வேலை ஊருக்கு வந்துவிட்டது, மேசைதான் வரவில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்து, கிராமத்தில் இருந்துகொண்டே மென்பொருள் எழுதலாம் என்று காட்டியிருந்தது. அப்படி ஓர் அலுவலகமும் பக்கத்தில் இல்லாதவர்கள் எங்கே போவது? நூலகம், பேக்கரி, காபிக் கடை, நண்பனின் ஜெராக்ஸ் கடை மாடி என்று நாங்கள் ஐந்து பேர் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கடைசியில் எங்களுக்காகவே ஒரு செயலி எழுத ஆரம்பித்தோம்.

எழுத எழுதத்தான் ஒன்று பிடிபட்டது. ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்வது பெரிய காரியமில்லை. இப்போது கிளம்பிப் போனால் அங்கே உட்கார முடியுமா என்று சொல்வதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

பெரிய காரியமில்லாததை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் நிற்கும் இடம் போனுக்கு எப்படித் தெரிகிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இத்தனை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர ஆன நேரத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள் போதும். ஆனால் நம் போனில் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிசகைச் சரிசெய்ய நான்காவது ஒன்று வேண்டும். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினால் தரையில் 300 மீட்டர் தப்பிவிடும்.

வெட்டவெளியில் சில மீட்டர் துல்லியமாகக் காட்டும் இந்த ஏற்பாடு, திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் திணறும். மேல்தட்டில் வண்டியில் போகிறவரும் கீழ்த்தட்டில் சைக்கிளில் போகிறவரும் வரைபடத்தில் ஒரே புள்ளி. உயரத்தைச் சொல்வதில் ஜிபிஎஸ் எப்போதுமே கொஞ்சம் சுமார்தான். நமக்குத் தெரிகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன. காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதனால் கிடைமட்டத்தில் கிடைக்கிற பிடிப்பு செங்குத்தில் கிடைப்பதில்லை. இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு தேடி ஒரு வாரம் வீணாக்கிவிட்டு, "இரண்டாவது மாடி, படி பேக்கரிக்கு இடப்பக்கம்" என்று தமிழில் எழுதிவைத்தோம். வேலை முடிந்தது.

அடுத்தது, பக்கத்தில் இருக்கும் இடங்களைத் தேடுவது. உலகம் முழுவதும் உள்ள கோடிக்கணக்கான புள்ளிகளில் எது பக்கம், எது தூரம் என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தால் கணினிக்கு மூச்சு வாங்கும். அதற்காக வந்த உத்திகளில் ஒன்று ஜியோஹாஷ். 2008-இல் குஸ்தாவோ நீமெயர் என்பவர் வெளியிட்டது. உலக வரைபடத்தை இரண்டாக வெட்டி, நாம் இருக்கும் பாதியை மறுபடி இரண்டாக வெட்டி, அதை மறுபடி வெட்டி என்று போய்க்கொண்டே இருப்பது. ஒவ்வொரு வெட்டிலும் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை எழுத்தும் எண்ணுமாகக் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு குறியீடு கிடைக்கும். முதல் சில எழுத்துகள் ஒன்றாக இருந்தால் இரண்டு இடங்களும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. வீட்டு விலாசத்தில் மாவட்டம், தாலுகா, தெரு என்று இறங்குவது போலத்தான்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. நான்கு எழுத்துக் கட்டம் ஒன்று சுமார் 39 கிலோமீட்டர் அகலமும் 19.5 கிலோமீட்டர் உயரமும் கொண்டது. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தாராளமாக ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட வேண்டும். ஆனால் வெட்டுக்கோடு ஒன்று தீர்க்கரேகை 77.695 பாகையில் விழுகிறது. அது நெல்லையப்பர் கோயிலுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே போகும் கோடு. அதனால் கோயில் இருக்கிற டவுன் 'டி9எக்ஸ்1' கட்டத்திலும், ஜங்ஷனும் பாளையங்கோட்டையும் 'டி9எக்ஸ்3' கட்டத்திலும் இருக்கின்றன. டவுனில் நின்று தேடினால், டவுன் பஸ்ஸில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஜங்ஷன் காட்டாது. அதே கட்டத்தில் இருக்கிற தூரத்துக் கிராமம் காட்டும்! ஊரை இரண்டாகப் பிரிப்பது ஆறுதான் என்று நினைத்திருந்தேன். கணினி வேறொரு கோடு போட்டு வைத்திருக்கிறது. நாம் இருக்கும் கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்துத் தேடினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் ஆசையாக எழுதி முடித்த பிறகு, எங்களில் ஒருத்தி கேட்டாள்: "நம்மகிட்ட இருக்கதே முந்நூறு இடம். எல்லாத்தையும் அளந்து பாத்தா என்ன?" அளந்து பார்த்தோம். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. முந்நூறு இடங்களின் விவரமும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் படத்தின் அளவுதான் வந்தது. மொத்தத்தையும் போனிலேயே வைத்துவிட்டால் மணிமுத்தாறு தாண்டி சிக்னல் இல்லாத இடத்திலும் தேடலாம். ஜியோஹாஷ் தமிழ்நாடு முழுமைக்கும் விரியும்போது உதவட்டும் என்று எடுத்து ஓரமாக வைத்தோம்.

நேர்கோட்டுத் தூரம் மட்டும் பார்த்தால் ஆற்றங்கரை ஊரில் ஏமாந்துபோவோம். தாமிரபரணியின் இக்கரையில் நிற்பவருக்கு அக்கரைக் கடை கூப்பிடு தூரம்தான். போய்ச் சேரப் பாலத்தைச் சுற்ற வேண்டும். சுலோசன முதலியார் தன் சொந்தச் சொத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் 1843-இல் வந்திருக்காவிட்டால் இந்தச் சுற்றும் இல்லை, பரிசல்தான். சாலை வழியாகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்க பல வரைபடச் செயலிகளுக்கும் அடிப்படையாக இருப்பது டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் வழிமுறை. கிளம்பிய இடத்திலிருந்து தண்ணீர் பரவுவது போல, மிகக் குறைந்த செலவில் எட்டக்கூடிய சந்திப்பை முதலில் எட்டி, அங்கிருந்து அடுத்தது என்று பரவிக்கொண்டே போகும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் கடைகடையாக அலைந்து களைத்து, ஒரு காபிக் கடை முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது இருபது நிமிடத்தில் யோசித்தாராம். பேப்பர், பேனா எதுவும் இல்லாமல். காபிக் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல குலதெய்வம் கிடைக்காது.

வடிகட்டுவதற்கு வருவோம். வைஃபை உண்டா, ப்ளக் பாயின்ட் உண்டா, போனில் பேசலாமா, காசு கொடுக்க வேண்டுமா என்று டிக் அடித்துத் தேடுகிறோமே, அதன் மூலம் ஒரு தமிழரிடம் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், புத்தகங்களை ஒரே ஏணியில் படிபடியாக அடுக்கும் பழைய முறையில் திருப்தியில்லாமல் இருந்தார். லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ என்ற பொம்மை அவருக்கு வழி காட்டியது. சில துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ உருவம் செய்யலாம். அதேபோல ஒரு புத்தகத்தின் பொருளையும் தனித்தனி முகங்களாகப் பிரித்து, பிறகு வேண்டியபடி கோக்கலாம் என்றார். 1933-இல் வந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அப்படிப்பட்டது. இன்றைக்கு ஆன்லைனில் சேலை வாங்கும்போது நிறம், விலை, துணி என்று தனித்தனியாக வடிகட்டுவதன் பின்னால் இருப்பது இதே யோசனைதான்.

எங்கள் செயலியில் முதலில் இருந்த முகங்கள் நான்கு ஆண்கள் உட்கார்ந்து யோசித்தவை. வைஃபை வேகம், ஏசி, காபி விலை. ஐந்தாவது ஆள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் எங்க?" என்று கேட்டாள். அப்புறம் தெரிந்தவர்கள் பலரிடம் விசாரித்தோம். பெண்கள் முதலில் கேட்டது சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. அடுத்தது, வேலை முடிந்து திரும்பும்போது பஸ் இருக்குமா, தெருவில் விளக்கு எரியுமா என்பது. வைஃபை மூன்றாவதாகத்தான் வந்தது.

ஊருக்கே உரிய இன்னொரு முகம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணை மின் நிலையத்தில் என்றைக்கு மின்தடை என்று முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் அதன் துணை மின் நிலையத்தின் பெயரையும் எழுதி வைத்தோம். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. வைஃபை ரூட்டருக்குப் பத்து வாட் இருந்தால் போதும், அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் தெரு முனையில் கம்பத்தில் தொங்குகிற இணையப் பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால் ரூட்டரில் விளக்கு எரியும், இணையம் வராது. இது அனுபவத்தில் கற்றது.

வைஃபை வேகத்தைக் காலை ஏழு மணிக்கு அளந்து வைத்துக்கொண்டு பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. வைஃபை என்பது ஒரே மைக் உள்ள பட்டிமன்றம். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூரத்து மூலையில் உட்கார்ந்திருப்பவரின் போன் மெதுவாக இழுத்து இழுத்துப் பேசினால், பக்கத்தில் இருப்பவரின் நேரமும் சேர்ந்து போகும். வீடியோ மீட்டிங்குக்குப் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகமும், செய்திகள் சீராக வந்து சேர்வதும் முக்கியம். நெல்லையிலிருந்து சென்னை ரொம்பத் தூரம் என்று யாராவது காரணம் சொன்னால் நம்பாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போக மூன்று மில்லிநொடிதான். மீதித் தாமதமெல்லாம் வழியில் உள்ள பெட்டிகளில் வரிசையில் நிற்பதால் வருவது.

சத்தத்தில் ஒரு கணக்குப் பிழையை நாங்களே செய்தோம். போனின் மைக்கை வைத்து டெசிபல் அளந்து, சராசரி எடுத்தோம். காலையில் 50, சாயங்காலம் 70, அப்போ சராசரி 60 என்று காட்டியது செயலி. டெசிபல் மடக்கை அளவு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது, இருபது கூடினால் நூறு மடங்கு. ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்தால் 67 வருகிறது. அதுகூட முழு உண்மையைச் சொல்வதில்லை. சீராக இரைகிற பழைய மின்விசிறியைவிட, ஏறி இறங்கும் பேச்சுக்குரல்தான் கவனத்தை அதிகம் கலைக்கிறது என்பது மனவியல் ஆய்வுகளில் பலமுறை பார்த்தது. ஆகவே சராசரியோடு சத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் குறித்துக்கொள்கிறோம். ஒலியைப் பதிவு செய்வதில்லை, எண் மட்டும்தான் போனை விட்டு வெளியே போகும். கோவில் கொடை நடக்கிற தெருவுக்கு மட்டும் எந்தக் கணக்கும் தேவையில்லை. அந்த இரண்டு நாள் அந்தத் தெருவையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதிகளுக்கும் அதே கதைதான்.

சரி, இனி அந்தக் கஷ்டமான கேள்வி.

போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் நடந்தது. நண்பன் கேடிசி நகரில் இருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டும். செயலியில் வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில் ஐந்து நாற்காலி காலி என்று காட்டியது. அடித்துப் பிடித்துப் போனால் உள்ளே பிறந்தநாள் விழா. பலூன், கேக், நாற்பது பேர். மற்ற இடத்துக்குப் போக நேரமில்லை. வண்டி நிறுத்துமிடத்தில், பைக் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினான். சீட்டின் சூடு தாங்காமல் லேப்டாப் அணைந்துபோனது தனிக்கதை. ஐந்து நாற்காலி காலி என்று எங்களுக்குச் செய்தி வந்தது காலை பத்து மணிக்கு. அது அப்போது உண்மை. பன்னிரண்டு மணிக்கு நாங்கள் விற்றது ஊசிப்போன உண்மை.

தின்பண்டம் போலத்தான் தகவலும். அல்வா ஒரு வாரம் தாங்கும், சொதி அன்று ராத்திரியைத் தாண்டாது, வடை அரை மணி நேரத்தில் சவுத்துப் போகும். கடை இருக்கும் இடம் என்பது பல வருஷம் கெடாத தகவல். ப்ளக் பாயின்ட் ஆறு மாதம் தாங்கும். வைஃபை கடவுச்சொல் ஒரு மாதம். காலி நாற்காலி வடை மாதிரி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, "தகவல் சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை டிக் போடுவது பெரும் தப்பு.

இதைக் கணக்கில் கொண்டுவர இயற்பியலில் ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறது: அரை ஆயுள். கதிரியக்கப் பொருள் பாதியாகத் தேய எடுக்கும் நேரம். கார்பன்-14 என்றால் 5,730 ஆண்டு. ஒரு செய்தியின் மேல் நமக்குள்ள நம்பிக்கையும் அதேபோலத் தேய்வதாக வைத்துக்கொள்வோம். காலி நாற்காலிக்கு அரை மணி என்று தோராயமாக வைத்தோம். பத்து மணிக்கு வந்த செய்திக்குப் பத்தரைக்குப் பாதி மதிப்பு, பதினொன்றுக்குக் கால், பன்னிரண்டுக்குப் பதினாறில் ஒரு பங்கு. நண்பன் நம்பிப் போனது அந்தப் பதினாறில் ஒரு பங்கை.

மீதி பதினைந்து பங்குக்கு என்ன செய்வது? வழக்கத்தைக் கேட்கலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு மணிக்கும் வழக்கமாக எத்தனை நாற்காலி காலியாக இருக்கும் என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு முன் ஐந்து காலி என்று செய்தி வந்தது, இந்த நேரத்தில் வழக்கமாக ஒன்றுதான் காலி என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு செய்தி, முக்கால் பங்கு வழக்கம்: இரண்டு நாற்காலி என்று கணிப்போம். புதுச் செய்தி வந்தால் அதன் பக்கம் சாயும், பழசாக ஆக வழக்கத்தின் பக்கம் திரும்பும். கடை மதிப்பெண்ணிலும் இதே புத்திதான். இரண்டே பேர் ஐந்துக்கு ஐந்து கொடுத்த கடையை, அறுபது பேர் சேர்ந்து 4.3 கொடுத்த கடைக்கு மேலே வைக்கக் கூடாது. ஊர்ச் சராசரி 3.8 என்றால், அதே மதிப்பெண் கொடுத்த பத்துக் கற்பனை ஆட்களை இரண்டிலும் சேர்த்துவிட்டுச் சராசரி எடுங்கள். முதல் கடை 4.0-க்கு இறங்கும், இரண்டாவது 4.2-க்குச் சற்று மேலே நிற்கும்.

ஆனாலும் அந்த அரை மணி என்பது நாங்களாகப் போட்ட எண். அது தப்பு என்று காட்டியவர் ஒரு டீக்கடை அண்ணாச்சி.

அவர் கடையில் பன்னிரண்டு நாற்காலி. நான் அடிக்கடி போவேன். ஒருநாள் கல்லாவில் இருந்தபடியே சொன்னார்: "நீங்க வாறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல தம்பி. ஒரு காப்பிய வாங்கி வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் இருந்தியன்னா, மத்த ஆள்க எங்கன உக்காருவாவ?"

அண்ணாச்சி சொன்னது, ஆட்கள் வரிசையில் காத்திருப்பதை ஆராயும் வரிசைக் கோட்பாட்டின் மையமான விதி. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, ஒரு மணிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையையும் ஒருவர் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். அவ்வளவுதான். டீக் குடிக்க வருகிறவர் கால் மணி நேரம் இருப்பார். பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருக்கும் நேரத்தில் மணிக்கு 48 பேரை அந்தக் கடை தாங்கும். நான் ஒரு நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், பன்னிரண்டு பேரின் இடத்தை அடைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு முப்பது ரூபாய் வியாபாரம் என்றாலும் 360 ரூபாய். நான் கொடுத்தது ஒரு காபிக்கான காசு.

அதே விதியை நூலகத்தில் வைத்துப் பாருங்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கதவு திறக்கும்போதே சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிடுவார்கள். ஒருவர் எட்டு மணி நேரம் இருக்கிறார், நாற்காலி நாற்பது என்று வைத்துக்கொண்டால், சராசரியாக மணிக்கு ஐந்து நாற்காலிதான் கைமாறும். டீக்கடையில் 48. நாற்பது நாற்காலி உள்ள அறையில் இடம் பிடிப்பது, பன்னிரண்டு நாற்காலிக் கடையில் பிடிப்பதைவிடக் கடினம்! நாற்காலியின் எண்ணிக்கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த எங்கள் செயலி இதைக் காட்டவே இல்லை.

அரை ஆயுளுக்கும் இங்கேதான் விடை இருந்தது. ஆட்கள் தங்கள் பாட்டுக்கு வந்து போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும் எளிய கணித மாதிரியில், "இப்போது இத்தனை பேர்" என்ற செய்தியின் அரை ஆயுள், சராசரியாகத் தங்கும் நேரத்தின் 0.7 மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. டீக்கடைக்குப் பத்து நிமிடம். நூலகத்துக்கு ஐந்தரை மணி நேரம். அதாவது, காலை பத்து மணிக்கு நூலகம் நிறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் மதியம் வரைக்கும் அதை நம்பி வேறு இடம் பார்க்கலாம். டீக்கடை நிறைந்துவிட்டது என்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பார்க்கலாம். எல்லா இடத்துக்கும் அரை மணி என்று நாங்கள் போட்டிருந்த எண் டீக்கடைக்கு மிக அதிகம், நூலகத்துக்கு மிகக் குறைவு. இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் தங்கும் நேரத்திலிருந்து எடுக்கிறோம்.

அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கட சும்மாதான கெடக்கு, அப்ப வாங்களேன்" என்றார். அவர் சொன்ன நேரத்தைச் செயலியில் போட்டோம். கடைக்காரரே அழைக்கும் நேரம் என்று தனி நிறம். கூட்டம் இல்லாத நேரத்தில் நாற்காலியை அடைத்தால் யாருக்கும் இழப்பில்லை, அவருக்கு இரண்டு காபி லாபம். எங்கள் செயலியிலேயே உருப்படியான அம்சம் அதுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டு பத்துக்குக் கடைக்குப் போனேன். பன்னிரண்டு நாற்காலியிலும் லேப்டாப். "என்ன தம்பி, ஆபீஸையே கூட்டிட்டு வந்துட்டியளே?" என்றார் அண்ணாச்சி.

பொருளியல் அறிஞர் பிரையன் ஆர்தர் 1994-இல் இதே மாதிரி ஒரு புதிரை எழுதினார். அமெரிக்காவில் சாண்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்று ஒரு மதுக்கடை. வியாழக்கிழமை இரவு நூறு பேருக்கு அங்கே போக ஆசை. அறுபது பேருக்குக் குறைவாக வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம், மேலே போனால் நெரிசல். எல்லாரும் ஒரே கணிப்பை நம்பினால் அந்தக் கணிப்பு தானாகவே பொய்யாகிவிடும். "இன்றைக்குக் கூட்டம் இருக்காது" என்று எல்லாருக்கும் தோன்றினால் எல்லாரும் வருவார்கள், கூட்டம் இருக்கும். நாளைய மழையைக் கணிப்பவர் சொல்வதால் மழையின் போக்கு மாறாது. நாற்காலியைக் கணிப்பவர் சொன்னதுமே நாற்காலி நிறைந்துவிடுகிறது.

நாங்கள் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, 'போகிறேன்' என்ற பொத்தான். அமுக்கியவர்களின் எண்ணிக்கையை, அவர்கள் வந்து சேரும் முன்பே காலி நாற்காலியிலிருந்து கழித்துவிடுவோம். இதில் கவனமாக இருக்க வேண்டும். யார், எப்போது, எங்கே என்ற தகவல் ஆபத்தானது. பதினைந்து லட்சம் பேரின் செல்போன் தடங்களை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் இருந்த இடமும் நேரமுமாக நான்கே புள்ளிகள் தெரிந்தால் நூற்றில் 95 பேரைத் தனித்து அடையாளம் காட்டிவிட முடியும் என்று வந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே கடைக்கு வரும் பெண்ணை வேண்டாத ஒருவன் கண்டுபிடிக்க நாங்கள் வழி செய்துவிடக் கூடாது. ஆகவே பெயர் போகாது, எண்ணிக்கை மட்டும் போகும். அதுவும் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் திரையில் காட்டாது. ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும்.

இரண்டாவது மாற்றம் வரிசையில். எல்லாருக்கும் ஒரே கடையை முதலிடத்தில் காட்டுவதை நிறுத்திவிட்டோம். நல்ல வாய்ப்புள்ள இடங்களுக்கு அதிகச் சீட்டு, சுமாரான இடங்களுக்குக் குறைந்த சீட்டு என்று போட்டு, ஒவ்வொருவர் திறக்கும்போதும் ஒரு குலுக்கல். எனக்கு அண்ணாச்சி கடை முதலில் வரும், உங்களுக்குப் பெருமாள்புரம் பேக்கரி வரும், இன்னொருவருக்கு நூலகம். எப்போதும் சிறந்ததையே காட்டுவதுதான் நியாயம் என்று ஐவரில் இருவர் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் குலுக்கல் கட்சி.

போன மாதத்திலிருந்து மதியம் இரண்டு மணிக்கு அண்ணாச்சி கடையில் நாலைந்து லேப்டாப்தான் இருக்கின்றன. ஒருநாள் ஐந்து, ஒருநாள் மூன்று. முகங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவர் கவனித்திருக்கிறார் போல. காபியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே, "சீட்டுக் குலுக்கிப் போட்டா ஆள் அனுப்புதிய?" என்று கேட்டார்.

ஆமாம் அண்ணாச்சி என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.